துஷ்யந்தி அக்கா வைக்கும் தண்ணீர்

சீட்டைக் கலைக்குமுன் துஷ்யந்தி அக்கா ஒரு கிளாஸ் தண்ணீர் வார்த்து, பாலசுந்தரத்தாரின் கை எட்டுகிற இடத்தில் வைக்கிறார். பிறகு ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் ஒவ்வொரு சீட்டாகத் துடைக்கிறார். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கார் நிறுத்துமிடத்தில், ஞாயிறு பின்னேரம் ஆஸ்பத்திரி மணம் வந்தால் 304 சீட்டாட்டம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம்.

அக்காவுக்குப் பொரளையில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர் வேலை. மூன்றாம் மாடியில் இருக்கிறார். மணிக்கூட்டை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டுவார். தோற்றால் சிரிப்பார், வென்றால் "ஐயோ பாவம்" என்பார். சொன்னால் என்ன, எனக்கு அவரை நல்ல விருப்பம்.

பாலசுந்தரத்தாரை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஓய்வுபெற்ற பொறியியலாளர். சீட்டில் சூரன்தான், ஆனால் வாய் இருக்கிறதே! 304 கூட்டாளி வைத்து ஆடுகிற ஆட்டம். கூட்டாளி எதிரே இருக்க வேண்டும். அவருக்கு எதிரே இருந்த எத்தனையோ பேர் ஏச்சுத் தாங்காமல் போய்விட்டார்கள். அதனால் அந்தக் கதிரையில் எப்போதும் அக்காதான்.

"பல்லுக் கழட்ட வாற ஆம்பிளையளும் இப்பிடித்தான் கத்துவினம். எல்லாம் பயம்," என்றார் அக்கா ஒருநாள். "கொப்பளிக்கத் தண்ணி குடுத்தாச் சரி. வாய்க்குள்ள தண்ணி இருந்தா ஆராலும் ஏசேலாது."

அவர் வைத்த தண்ணீரைப் பாலசுந்தரத்தார் ஒருநாளும் தொட்டதில்லை.

ஐந்தாம் மாடி ஹம்சிகா வங்கியில் வேலை செய்கிறாள், கணவன் கட்டாரில். ஆட்டம் பழகுகிற ஆசையில் எங்களோடு சேர்ந்தவள். போன மாதம் ஒருநாள் அக்கா இறங்கி வருவதற்குள், விஷயம் தெரியாமல் அந்தக் கதிரையில் இருந்துவிட்டாள்; பிறகு வந்த அக்கா எனக்கு எதிரே இருந்தார். பாலசுந்தரத்தார் வீறு போட்டார். அதுதான் எல்லாவற்றுக்கும் பெரிய சீட்டு. இவள் பதற்றத்தில் அதை, எதையும் வெட்டுகிற துரும்புச் சீட்டால் வெட்டினாள். சொந்தக் கூட்டாளியின் சீட்டை!

"விசரே உமக்கு? சொந்த ஆளையே வெட்டுறீர்! உம்மட மனுசன் கட்டாருக்கு ஏன் ஓடினவன் எண்டு இப்பதான் விளங்குது."

ஹம்சிகா சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு லிஃப்டுக்குப் போனாள். கதவு மூடும்போது கண்ணைத் துடைத்தது தெரிந்தது.

அக்கா தன் சீட்டுகளை மேசையில் விரித்தார். வெல்லுகிற கை. "அண்ணை, நீங்கள் கதைச்சது சீட்டுக் கதை இல்லை," என்றுவிட்டு எழும்பினார்.

"இந்த மனுசனைக் கழட்டி விடுவம் அக்கா," என்றேன், லிஃப்டுக்குள்.

"பல்லு நொந்த உடன கழட்டுறேல்லை. பிறகு அந்த மனுசன் ஆரோட கதைக்கும், சுவரோடயோ?" கதவு திறந்ததும், "அதுக்காண்டி அந்தப் பிள்ளையை விடவும் ஏலாது. எனக்கு ரெண்டு பேரும் வேணும்," என்றார்.

அடுத்த ஞாயிறு தண்ணீர் வைத்தார், சீட்டுத் துடைத்தார், கலைத்தார். கலைத்துக்கொண்டே இருந்தார்.

"போடுமன் பிள்ளை," என்றார் பாலசுந்தரத்தார்.

"நாலாவது ஆள் இல்லையே அண்ணை."

"அவ வரமாட்டா."

"நீங்கள் போய்க் கூப்பிட்டா வருவா."

"நானோ?"

"பின்னை, ஏசினது நானோ?"

மனுசன் விறைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த ஞாயிறும் அதே கூத்து. எனக்கே அலுத்தது. அக்காவுக்கு அலுக்கவில்லை. அதற்கும் அடுத்த கிழமை பாலசுந்தரத்தார் சிறிது நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப்போய் லிஃப்ட் பொத்தானை அமத்தினார்.

அவர் இறங்கி வந்தபோது பின்னால் ஹம்சிகாவும் வந்தாள். "அங்கிள் சொறி சொன்னவர்," என்றாள் அக்காவிடம். "இன்னொருக்கா அப்பிடிக் கதைச்சா நான் வரமாட்டன்."

"வர வேண்டாம். நானும் வரமாட்டன்." அக்கா அவளுக்கு, எனக்கு எதிரே தான் இருந்த கதிரையைக் காட்டினார்.

"இல்லை அக்கா, நான் அண்டைக்கு இருந்ததிலயே இருக்கிறன்." போய் அவருக்கு எதிரே இருந்தாள்.

மூன்றாவது கையிலேயே நடந்தது. பாலசுந்தரத்தார் வீறு போட்டார். ஹம்சிகா மறுபடியும் துரும்பு போட்டாள். அவளுக்கே விளங்கி, "ஐயோ!" என்றாள்.

கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று இரைந்து போனது. பாலசுந்தரத்தாரின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. அக்காவைப் பார்த்தார், ஹம்சிகாவைப் பார்த்தார். சட்டென்று கிளாஸை எடுத்து மடமடவென்று வாயை நிரப்பினார். விழுங்கவில்லை. இரண்டு கன்னமும் உப்பி, கண் பிதுங்க, அடுத்த சீட்டைப் போட்டார். ஹம்சிகா சீட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்; சிரிப்பில் தோள் குலுங்கியது.

அக்கா தன் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், தண்ணீர்ப் போத்தலைச் சரித்து அந்தக் கிளாஸை மறுபடியும் நிரப்பினார்.