நீலக் காரும் பிரிக்காத பெட்டியும்

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். மூன்று நாளாகத் தின்னர் வாசனையில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். இன்று காலை பெயின்டர் ஹாலுக்கு வந்து, கண்ணாடி அலமாரியை நகர்த்த வேண்டும் என்றார். என் கார்களை வேறு யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒவ்வொன்றாக நானே எடுத்துப் பழைய போர்வை விரித்த கட்டில்மேல் அடுக்கினேன். கடைசித் தட்டில் ஓர் இரும்பு அச்சும் அதன் இரண்டு முனையிலும் பொத்தான் அளவுச் சக்கரங்களும் மட்டும் இருந்தன.

"சார், இது உடைஞ்ச சாமான். குப்பைல போட்டுடவா?"

"ஐயோ, வேணாங்க. அதத்தான் முதல்ல எடுத்து வச்சிருக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். அவர்மேல் தப்பில்லை. கட்டிலில் நூற்றுச் சொச்சம் பொம்மைக் கார்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, அறுபதைத் தாண்டிய ஓர் ஆள் ஒற்றை அச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

தின்னர் வாசனை என்றால் எனக்கு பென்னி. நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் பக்கத்து மேசைக்காரன். வீடு மர்பி டவுன். வாரக் கடைசியில் உடைந்த பொம்மைக் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பான். திங்கட்கிழமை காலையில் அவன் வருவதற்கு முன் அவன் வாசனை வரும். "பெனடிக்ட், குளிச்சிட்டு வாய்யா" என்று சூப்பர்வைசர் சொல்வார். குளித்துவிட்டுத்தான் வருவான் பாவம், அது போகாது.

அவன்தான் என்னைக் கெடுத்தவன். பிரிகேட் ரோடு நடைபாதையில் வாங்கிய ஒரு பழைய ஆங்கிலப் பத்திரிகையை என் வரைபலகைமேல் விரித்தான். அந்தக் கால ரேஸ் கார்கள். கூரை கிடையாது, பெல்ட் கிடையாது. சுருட்டு மாதிரி நீண்ட உடம்பு, வெளியே துருத்திய சக்கரங்கள், எண்ணெய் வழிந்த முகத்தோடு ஓட்டுபவர். அப்போதெல்லாம் காருக்கு நாட்டின் நிறமாம். இத்தாலி சிவப்பு, இங்கிலாந்து பச்சை, பிரான்ஸ் நீலம், ஜெர்மனி வெள்ளி. "நம்ம நாட்டுக்கு என்ன கலர்?" என்று கேட்டேன். "நமக்கு எங்க மச்சா ரேஸு, நமக்கு ட்ராஃபிக்தான்" என்றான். அன்றைய டிராஃபிக்கையே அப்படிச் சொன்னான், பாருங்கள்.

அந்தக் கார்களின் சின்ன மாதிரிகள் வெளிநாட்டில் விற்கின்றன என்பதும் அந்தப் பத்திரிகையில்தான் தெரிந்தது. நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு அளவு. நாங்கள் இருவரும் ஸ்கேல் வைத்தே சோறு தின்றவர்கள், விட்டுவிடுவோமா? அந்தக் கணக்கில் பார்த்தால் நான் நான்கு சென்டிமீட்டர் உயரம். பென்னி இன்னும் கொஞ்சம் குட்டை.

எங்களைப் போல இன்னும் நாலைந்து பைத்தியங்கள் ஊரில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பென்னி சர்ச்சில் பூசை முடித்து வந்ததும் அல்சூரில் ஒரு பேக்கரியில் கூடுவோம். தேங்காய் பன், டீ, மேசைமேல் கார்கள். எழுதாத விதிகள் உண்டு. அடுத்தவர் காரைத் தூக்கும்போது அடித்தகட்டைத்தான் பிடிக்க வேண்டும், உடம்பில் விரல் படக் கூடாது. பன் தின்ற கை என்றால் கிட்டேயே போகக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், பிரிக்காத பெட்டிக்குத் தனி மரியாதை. கம்பெனி ஒட்டிய ஒட்டு கிழியாமல், முன்பக்கக் கண்ணாடித்தாள் வழியாகக் கார் தெரிய, அப்படியே இருந்தால்தான் அது உத்தமமான சரக்கு. பிரித்துவிட்டால் அது வெறும் பொம்மை. இந்த விதியை என்னைவிடப் பக்தியோடு பிடித்துக்கொண்டவர் யாரும் இல்லை.

பென்னிக்கு அதில் மட்டும் நம்பிக்கை கிடையாது. "காருன்னா ஓடணும்டா. பெட்டிக்குள்ள வச்சுப் பாக்கிறதுக்கு என்ன, போட்டோ போதுமே" என்பான்.

கப்பலில் வேலை பார்த்த அவன் சித்தப்பா ஒருமுறை அந்த நீலக் காரைக் கொண்டுவந்தார். பிரான்ஸ் நாட்டுக் கார், குதிரை லாட வடிவில் முன்வலை, கம்பிச் சக்கரங்கள், வாலில் ஒரு ஸ்டெப்னி. இரண்டு கேட்டிருந்தோம், கடையில் இருந்தது ஒன்றுதான். ஆளுக்குப் பாதி என்று முடிவானது. என் வீட்டில்தான் கண்ணாடி அலமாரி இருந்தது, அவன் வீட்டில் அக்கா பிள்ளைகள் மூன்று பேர். ஆகவே அது என்னிடம் வந்தது. அன்றே பிரித்துவிடலாம் என்றான். நான் விடவில்லை.

சனிக்கிழமைதோறும் அந்தப் பெட்டியை மெல்லிய துணியால் துடைப்பேன். கல்யாணமான புதிதில் கலா இதைப் பார்த்துவிட்டு, "இத வச்சு என்ன பண்ணுவீங்க, விளையாடுவீங்களா?" என்று கேட்டாள். விளையாட்டு இல்லை, சேகரிப்பு என்று விளக்கினேன். "விளையாடினாலாவது ஒரு அர்த்தம் இருக்கு" என்றாள்.

பென்னிக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் காலையில் சொல்லிக்கொள்ள வந்தான். காபி குடித்தான். அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றான்.

"மச்சா, ஒரே ஒரு தடவ உருட்டிப் பாத்துட்டு வச்சிடறேன்டா."

"நீ திரும்பி வா, சேந்து பிரிக்கலாம்" என்றேன்.

"சரி விடு" என்று சிரித்தான். அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன். ஒட்டைக் கிழிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். பாதிக் கார் அவனுடையது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் வருகிறேன் என்று போனவன், அதையும் இதையும் சொல்லி முப்பது வருடம் ஓட்டிவிட்டான். போனில் பேசும்போதெல்லாம் "நம்ம காரு எப்படி இருக்கு?" என்று கேட்பான். "அப்படியே இருக்கு" என்று பெருமையாகச் சொல்வேன்.

போன மாதம் வந்தான். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, பாதியாக இளைத்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினான். வந்ததும் வராததுமாகச் சாப்பாட்டு மேசை முன் உட்கார்ந்தான். "எடுத்துட்டு வா மச்சா. இனிமே நான் இவ்வளவு தூரம் வரமாட்டேன்."

பெட்டியை மேசைமேல் வைத்தேன். கண்ணாடித்தாள் பழுப்பேறியிருந்தது. பிளேடை அவனிடமே கொடுத்தேன். ஒட்டைக் கீறி, மூடியைத் திறந்து, விதிப்படி அடித்தகட்டைப் பிடித்துத் தூக்கினான். தகடு அவன் கையில் வந்தது. கார் வரவில்லை. நீலப் பெயின்ட் தோல் மாதிரி சுருண்டுகொண்டது, உள்ளே இருந்த உலோகம் ஊறவைத்த ரஸ்க் போலப் பொலபொலவென்று மேசையில் உதிர்ந்தது.

விஷயம் எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். வார்க்கும்போது துத்தநாகத்தில் ஈயம் கலந்துவிட்டால் வருடக்கணக்கில் உள்ளிருந்தே அரித்துவிடும். பெட்டி காப்பாற்றாது. கண்ணாடித்தாளுக்குப் பின்னால் விரிசல் தெரிந்திருக்கத்தான் வேண்டும். வாராவாரம் பெட்டியைத் துடைத்தவன் காரைப் பார்த்ததில்லை. அவன் சொல்லிக்கொள்ள வந்த அந்தக் காலையில் பிரித்திருந்தால் அது ஓடியிருக்கும்.

"மன்னிச்சுடுடா பென்னி" என்றேன்.

அவன் தூளைக் கிளறி இரண்டு அச்சுகளையும் எடுத்தான். சக்கரங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன் அச்சை மேசையில் வைத்து ஒரு விரலால் தள்ளினான். சாம்பார் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு கலாவின் பக்கம் போய் நின்றது.

"ஓடுது பாரு" என்றான்.

கலா உள்ளே போய், அலமாரியில் மிச்சமிருந்த பதினோரு பிரிக்காத பெட்டிகளையும் அள்ளிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் தடுக்கவில்லை. சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் பிரித்தோம். சிவப்பு, பச்சை, வெள்ளி எல்லாமே முழுசாக இருந்தன, எல்லாமே ஓடின. பென்னி கேட்ட ஒன்று மட்டும்தான் இல்லை.

போகும்போது முன் அச்சைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டான். "இது என் பாதி. பின்னாடி அச்சு உன்னுது."

எங்கள் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பேக்கரி செல்போன் கடை ஆகிவிட்டது. பன் தின்ற கையை மிரட்டிய ஆட்களில் இருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பென்னியும் ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரி அனுப்பினான், அதற்கப்புறம் போன் செய்தால் மகள்தான் பேசுகிறாள். பெயின்டர் இப்போதுதான் வந்து, அலமாரியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன் என்றார். சாமான்களை அடுக்குவதற்கு முன் பையிலிருந்து அச்சை எடுத்து, காலித் தட்டில் ஒருமுறை உருட்டிப் பார்த்தேன்.