அடுப்புக் கம்பியும் சாக்பீஸ் கோடும்

அறுபதுகளில் செஞ்சியில் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் திருப்பும்போது ஒரு ஊளைச் சத்தம் வருமே, அதையே வாத்தியமாக்க, கழித்துப்போட்ட ரேடியோ வால்வுகளை வைத்து ஒரு பெட்டி செய்தேன். சுருதியை மாற்ற ஆர்மோனியக் கட்டைகள் போதும் என்றிருந்தேன். என் மனைவி ஒப்பவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை கோயிலில், சிலுவையில் மாண்ட மகனுக்காக மாதா அழும் புலம்பலைப் பாடுகிறவள் அவள்.

"கட்டை துண்டு துண்டா வெட்டுது. குரல் அப்பிடியா போவுது?" என்றாள்.

ரேடியோ தெரிந்தவன் நானா, அவளா? எரிச்சலோடுதான் பலகையில் கம்பி கட்டி, பெட்டியோடு இணைத்து, அதன்மேல் விரலை இழுத்துப் பார்த்தேன். இரும்புக் கம்பி வழவழப்பாக இருந்தது. ஆனால் அதில் மின்தடை போதாமல், எங்கே தொட்டாலும் ஒரே ஊளை. பிறகு மின்சார அடுப்பின் சுருளை நீட்டிக் கட்டினேன். நெளிவுகள் விரலை இடறின. சுருதியோ வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கியது. அதையே வைத்துக்கொண்டேன்.

அவளுக்கு வாசித்துக் காட்டும்முன், சுரம் தப்பக்கூடாதென்று பலகையில் சாக்பீஸால் கோடுகள் போட்டேன். ஒவ்வொரு கோட்டிலும் விரலை நிறுத்தி, அவள் பாடும் புலம்பலைப் பிசகாமல் வாசித்தேன்.

அவள் முந்தானையால் கோடுகளைத் துடைத்தாள்.

"புள்ளையப் பறிகொடுத்தவ கோட்டுல நின்னு நின்னா அழுவா?"