மதராஸ் முறை

பாக்கியத்துக்குக் கல்யாணமும் ஆகவில்லை, கரும்புத் தோட்டத்துக்கு உடம்பும் வளையவில்லை. கான் தெ மாஸ்க் என்ற அந்தத் தீவு ஊரின் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் அவள் நடத்திய தமிழ் வகுப்புதான் அவளுக்கு மூச்சு. ஊர் அவளை ஓர் ஆளாக மதித்ததும் அதற்காகத்தான்.

ஐம்பத்தாறாம் வருஷம் அது. பிள்ளைகளுக்கு வீட்டில் தீவின் பிரெஞ்சுக் கலப்புப் பேச்சான கிரியோல்தான். காவடிப் பாட்டைக் கடகடவென்று பாடும். அர்த்தம் கேட்டால் திருதிருவென்று விழிக்கும். அதனால் பாக்கியம் முதலில் பாட்டைக் கிரியோலில் விளக்குவாள், பிறகு அந்தப் பாட்டிலிருந்தே ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் எழுதிக் காட்டுவாள். அடுத்த காவடிக்குள் பிள்ளைகள் தாமாகவே எழுத்துக்கூட்டிப் படித்தன. இதைவிட ஒரு வாத்தியாரம்மா என்னதான் செய்ய முடியும், சொல்லுங்கள்!

எந்தப் புண்ணியவான் ஆரம்பித்தானோ, 'கிரியோல் கிளாஸ்' என்று பெயர் விழுந்துவிட்டது. "சாமி மண்டபத்துல கிரியோல் கிளாஸா?" என்று கோயில் தலைவர் அப்பாசாமி கொதித்தார். கொதித்ததும் கிரியோலில்தான், அந்த மனுஷனுக்கு வேறென்ன தெரியும்? பிள்ளைகள் ஒவ்வொன்றாக வகுப்பிலிருந்து நின்றுவிட்டன.

கடைசியாக ஜோசெட்டும் தன் மகளை நிறுத்த வந்தாள். "நல்லாத்தான் படிக்கிறா, மிஸ். ஆனா கிரியோல் கிளாஸுக்கா அனுப்புறேன்னு கேக்குறாங்க. வெக்கமா இருக்கு."

பாக்கியம் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "இது மதராஸ் முறை, ஜோசெட். அங்க இப்ப எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான்."

மதராஸ் எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த சனிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. அதே பாட்டு, அதே கிரியோல். அப்பாசாமி வாசலில் நின்று தலையாட்டி ரசித்தார். பாக்கியம் அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

சில மாதம் கழித்து அப்பாசாமி வீடு தேடி வந்தார்.

"நல்ல சேதி, பாக்கியம். நீலமேகம்னு ஒரு வாத்தியார் மதராஸ்லேருந்தே வர்றார். இனிமே வகுப்பு அவரோடது. மதராஸ் முறைய மதராஸ்காரர் சொல்லிக்குடுத்தாத்தானே சரி?"

"அவருக்குக் கிரியோல் தெரியுமா, அண்ணே?"

"அவருக்கு எதுக்குக் கிரியோல்?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மதராஸ் முறைன்னு ஒண்ணும் கிடையாதுண்ணே. நான்தான் பொய் சொன்னேன். அது நானா யோசிச்சுச் செஞ்சது. வகுப்ப மட்டும் எடுத்துடாதீங்க, எனக்கு வேற எதுவுமில்ல."

அப்பாசாமி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"வயித்தெரிச்சல்ல இப்படியெல்லாம் பேசக் கூடாது, தங்கச்சி. நீயும் வந்து பின்னால உக்காரு. அவர்கிட்ட அந்த முறையச் சரியாக் கத்துக்கலாம்."