தரகர் நிற்கும் இடங்கள்

"இங்க கொஞ்சம் நில்லுங்க தம்பி" என்று தெருமுனையில் நின்றுவிட்டார் வீட்டுத் தரகர். "காத்து எப்படி வருது பாருங்க. காசு குடுத்தாலும் கிடைக்காது."

வீடு பார்க்க வந்த இளம் தம்பதி நின்றார்கள். காற்று ஒன்றும் வரவில்லை. தரகரின் இடது கெண்டைக்காலைத்தான் யாரோ ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். வலி இறங்கியதும், "வாங்க, போலாம்" என்று முன்னால் நடந்தார்.

கொஞ்ச தூரத்தில் மறுபடி நிற்பார். அங்கே காற்று இல்லாவிட்டால் அமைதி இருக்கும். அமைதி இல்லாவிட்டால் பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருக்கும். ஒருமுறை குப்பைத்தொட்டியருகே கால் இழுத்துக்கொண்டது. "பாத்தீங்களா, குப்பைக்குன்னு தனி இடம்! தெருவை அவ்வளவு ஒழுங்கா வெச்சிருக்காங்க" என்றார். அந்த வீட்டுக்கு அன்றே பேரம் முடிந்தது. கால்வலிக்குத் தொழில் கைகொடுத்ததா, தொழிலுக்குக் கால்வலி கைகொடுத்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பொய் சொல்கிறவர் என்று அவரைச் சொல்ல முடியாது. சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறிய அறையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறப்பார், அவ்வளவுதான். மனிதர்கள் வெளிச்சம் வரும் பக்கம்தான் திரும்புவார்கள் என்பது அவருடைய அனுபவம். அதை மறுப்பதும் சுலபமில்லை.

மனைவி அவரை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போன அன்று, காலில் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பதாக டாக்டரம்மா சொன்னார். "வலிக்கு ஏதாவது மாத்திரை போடறீங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லா தூங்கறேன், நல்லா பசிக்குது" என்று தரகர் வழக்கம்போல் எதிர்ப்பக்கத்து ஜன்னலைத் திறந்தார்.

"காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு" என்றாள் மனைவி. "மருந்துக் கடைக்காரர் இவர் தலையைப் பாத்தாலே எடுத்து வெச்சிடறாரு. வீடு காட்டற மாதிரியே உடம்பையும் காட்டறாரு டாக்டர். ஓதம் அடிச்ச ரூம் பக்கம் விடவே மாட்டாரு."

"ஏம்மா, நாலு பேர் முன்னாடி..."

"இங்க நாலு பேர் எங்க இருக்காங்க? டாக்டர் ஒருத்தர்தான். அவங்ககிட்டயும் சொல்லலைன்னா, சுவத்துகிட்டயா சொல்லுவீங்க?"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அந்த மாத்திரையை இன்னையோட விட்டுடுங்க. கால்ல குழாய் சுருங்கினவங்களுக்கு கிட்னி கெடறதுக்கும் வாய்ப்பு அதிகம். நீங்க போடற மாத்திரை அதை இன்னும் கொஞ்சம் பின்னாடியிருந்து தள்ளிவிடும். ரத்தமும் யூரினும் டெஸ்ட் பண்ணிடலாம்."

தரகர் தாராளமாகச் சிரித்தார். "கீழ் வீட்டுல ரிப்பேர்னா மாடி வீட்டுக் கதவை எதுக்குங்க தட்டணும்? அங்கருந்து இதுவரைக்கும் ஒரு குறையும் வரலையே."

"வராது. முக்கால்வாசி கெட்டுப்போனாக்கூட கிட்னி வாயைத் திறக்காது."

சிரிப்பு பாதியில் நின்றது. 'ஒரு குறையும் சொல்ல முடியாத வீடு.' தொழிலில் அவர் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான். எந்த மாதிரி வீடுகளுக்கு அதைச் சொல்வது வழக்கம் என்பது அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? சட்டைக்குள் கைவிட்டு, இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப்புறத்தை மெல்லத் தடவிப் பார்த்தார். எதுவும் வலிக்கவில்லை. முகம் வெளுத்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. டெஸ்ட் எங்க எடுக்கறாங்கன்னு கேளு."

ரத்தம் எடுக்கும் அறையில் ஊசியும் பஞ்சுமாக உட்கார்ந்திருந்த பெண், "எந்தக் கையில எடுக்கட்டும் சார்?" என்றாள்.

தரகர் சட்டைக் கைகளைத் தோள்வரை சுருட்டினார். இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டி வைத்தார்.