தினம் ஒரு சூரியப் புயல்

மஹ்விஷுக்கு இரண்டு வகை ஆட்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். ஒன்று, அவளுடைய முதலாளி மாணிக்கவாசகம். இன்னொன்று, அந்த மனுஷன் விடும் கதையை வாயைப் பிளந்து கேட்கிற ஜனங்கள்.

தி.நகரில் தன் அப்பாவின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் அவர் ஒரு யூடியூப் சேனல் நடத்தினார். அங்கே மஹ்விஷின் வேலை சூரியன். அமெரிக்காக்காரன் தினமும் வெளியிடும் விண்வெளி வானிலை அறிக்கையைப் படித்து, சூரியனில் வெடிப்பு உண்டா, அதனால் பூமிக்குத் தொந்தரவு உண்டா என்று தமிழில் எழுதி, தன் குரலிலேயே பேசித் தர வேண்டும். இயற்பியல் படித்தவள், ஒழுங்காகத்தான் எழுதுவாள். ஆனால் முக்கால்வாசி நாள் சூரியன் பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

"அமைதியா? அமைதிய எவன்மா பாப்பான்?" என்பார் மாணிக்கவாசகம். "புயல்னு போடு. சாயங்காலம் வரைக்கும் கரண்ட் சாமானெல்லாம் பிடுங்கி வைங்கன்னு சொல்லு."

"பெரிய புயலே வந்தாலும் வீட்டு மிக்ஸிக்கு ஒண்ணும் ஆகாது சார்."

"கேக்கறவன் கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியும்மா. நீ பேசு."

கீழே அப்பா ஆடித் தள்ளுபடியை ஆனி மாதமே ஆரம்பிப்பார். மேலே மகன் வராத புயலை விற்றார். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நினைத்துக்கொண்டே மஹ்விஷ் பேசினாள். பேசாமல் முடியாது. அம்மா அமீனா பீக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்ய வேண்டுமென்றால் முதலில் சர்க்கரை இறங்கியாக வேண்டும், தள்ளிப்போட்டால் இருக்கிற பார்வையும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ராயப்பேட்டையில் தகரக் கூரை போட்ட அந்த மாடி வீட்டில், இன்சுலின் வைப்பதற்காகவே மஹ்விஷ் தவணையில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டிருந்தாள்.

பஸ்ஸில் போகும்போது வீடியோவுக்குக் கீழே வந்திருப்பதைப் படிப்பாள். "நன்றி சகோதரி, டிவியை அணைத்துவிட்டேன்." "எங்கள் தெருவுக்கே சொல்லிவிட்டேன்." கூமுட்டைகள்! இதுகளுக்கெல்லாம் மூளை எதற்கு, கழற்றிக் காயப்போடலாம் என்று தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

மே மாதம் டாக்டரிடம் போனார்கள். சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது. ஆபரேஷன் இப்போது கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள்.

வழியெல்லாம் மஹ்விஷ் பொரிந்து தள்ளினாள். "நேரத்துக்கு ஊசி போட்டும் எப்படி அம்மி ஏறும்? நான் அந்தாண்ட போனதும் ஷீர் குர்மா பாயசம், அல்வான்னு ஒரு கட்டு கட்டறியா?"

"அல்லா சத்தியமா ஒண்ணும் துன்னல பேட்டா."

"நான் இன்னா உன்ன மாதிரி கண்ணு தெரியாதவளா?"

சொல்லியிருக்கக் கூடாதுதான். சொல்லிவிட்டாள்.

மறுநாள் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே மஹ்விஷ் வீட்டுக்குக் கிளம்பினாள். அம்மாவைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அன்றைய அறிக்கையிலும் சூரியன் அமைதிதான், அவள் வழக்கம்போல் புயல் என்று பேசிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வீடு கொதித்தது. அல்வாவும் இல்லை, ஷீர் குர்மாவும் இல்லை. அமீனா பீ ஃபேனைக்கூடப் போடாமல், புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன். போனில் மஹ்விஷின் குரல், "மின்சாதனங்களைப் பிடுங்கி வையுங்கள்" என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஃபிரிட்ஜின் பிளக் கழற்றித் தரையில் கிடந்தது.

மஹ்விஷ் ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்தாள். இன்சுலின் பாட்டில்கள் வெதுவெதுவென்று இருந்தன.

"அம்மி! டெய்லி இப்படித்தான் பிடுங்கி வைக்கறியா?"

"நீதானே சொல்ற? நீ கஷ்டப்பட்டு வாங்கின பொட்டி, புயல்ல கருகிட்டா இன்னா பண்றது? அஞ்சு மணிக்குப் போட்டுடுவேன், நீ வர்றதுக்குள்ள குளுந்துடும்." அமீனா பீக்கு முகமெல்லாம் பெருமை. "நம்ம சந்துல எல்லாரும் நிறுத்திடறாங்க தெரியுமா? அமீனா பீ பொண்ணு சொன்னா சரியா கீதுன்னு சொல்றாங்க."

"அம்மி, புயலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன் மருந்துதான் கெட்டுப் போச்சு. நான் பேசறது பூரா பொய்."

அமீனா பீ விசிறுவதை நிறுத்தினாள். மங்கிய கண்களால் மகளின் முகம் எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

"தெனமுமா?"

போனில் மஹ்விஷின் குரல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. அமீனா பீ விரலால் தடவித் தடவிப் பொத்தானைக் கண்டுபிடித்து அதை அணைத்தாள்.