அக்காவின் ரத்தத்தைப் பற்றி நான் சொல்லாமல் விட்டது

சபையாருக்கு ஸ்தோத்திரம். போன ஜூலை மாதம், ஆராதனை முடிகிற நேரத்தில், நான் முன்னால் வந்து நின்று ஒரு சாட்சி சொன்னேன். உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். "என் அக்கா எஸ்தருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது, கர்த்தர் பூரண சுகம் கொடுத்தார்" என்றேன். நீங்களும் சந்தோஷப்பட்டு அல்லேலூயா சொன்னீர்கள். அந்தச் சாட்சி பாதிதான். மீதியை நான் மறைத்துவிட்டேன். மறைத்ததால் எங்கள் வீட்டுக்கு என்ன வந்தது, அதிலிருந்து கர்த்தர் எங்களை எப்படித் தூக்கினார் என்பதை இப்போது எழுதுகிறேன். மறுபடியும் உங்கள் முன்னால் நின்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால்தான் எழுத்து.

நாங்கள் மார்டள்ளி என்ற கிராமத்திலிருந்து வந்தவர்கள். அப்பா காலமானபோது நான் மூன்றாம் வகுப்பு. அம்மா எங்கள் இருவரையும் மைசூருக்குக் கூட்டிவந்து ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார்கள். அக்கா வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினாள். மணைப்பலகையில் கரித்தூள் மாவைத் தேய்த்துத் தேய்த்து அவள் உள்ளங்கை எப்போதும் கறுப்பாகவே இருக்கும். அந்தக் கைதான் என்னைப் படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். இன்று அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறேன் என்றால் அது அவளால்.

சின்ன வயதில் அக்காவுக்கு மூட்டு வீக்கத்தோடு ஒரு காய்ச்சல் வந்தது. அது போய்விட்டது என்று நினைத்தோம். போகவில்லை, இருதயத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. போகப்போக, குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவாள். பெண் பார்க்க வந்தவர்கள் அவளுக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் வெளியூரில் ஒரு பெரிய மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருதயத்துக்குள் கதவு மாதிரி ஒன்று இருக்கிறதாம். வால்வு என்றார்கள். அது ஒட்டிப்போய்விட்டது, மார்பைத் திறந்து, விரலை உள்ளே விட்டு அதை விரித்துவிட வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தார்கள். அக்கா பிழைத்தாள். அது வரைக்கும் நான் அன்று சொன்ன சாட்சி உண்மைதான்.

ஊருக்குத் திரும்புகிற அன்று அங்கிருந்த பெரிய டாக்டர் என்னைத் தனியாக அழைத்து இங்கிலீஷில் பேசினார். "கதவு திறந்துவிட்டது, ஆனால் இருதயம் இன்னும் தாளம் தப்பித்தான் அடிக்கிறது. அப்படி அடித்தால் ரத்தம் உள்ளே ஓரிடத்தில் தேங்கி உறைந்து கட்டியாகலாம். அதில் ஒரு துணுக்கு மூளைக்கு ஓடினால் ஆபத்து. அதனால் ரத்தத்தை நீர்க்க வைக்கிற மாத்திரை தருகிறேன். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மைசூரில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கீரை அதிகம் கூடாது, அது மாத்திரையை முறித்துவிடும்." ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது.

வராந்தாவில் அம்மா காத்திருந்தார்கள்.

"என்ன கண்ணு சொன்னாங்க டாக்டரு?"

என் சித்தி, அம்மாவின் தங்கை, பிரசவத்துக்குப் பிறகு வெளுத்துப் போய் இறந்தவள். "அவ ரத்தம் தண்ணியாப் போச்சு" என்று அம்மா சொல்லிச் சொல்லி அழுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அப்படிப்பட்டவரிடம் போய், உன் மகளுடைய ரத்தத்தைத் தண்ணியாக்கத்தான் மாத்திரை என்று எப்படிச் சொல்வது?

"ரத்தத்துக்கு மாத்திரைம்மா" என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏசப்பா! ரத்தம் ஊறுறதுக்கா?"

நான் தலையை ஆட்டினேன். கீரையைப் பற்றிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அதையும் விழுங்கிவிட்டேன். பக்குவமாக அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

நீங்கள் எங்களுக்குக் காட்டிய அன்பை நான் மறக்கவில்லை. ஜூலை சாட்சிக்குப் பிறகு ஒரு நாள்கூட எங்கள் வீட்டுக்கு யாராவது வராமல் இருந்ததில்லை. சாராள் அம்மா வீட்டு முருங்கை மரம் உங்களுக்குத் தெரியும். அவர்கள் முந்தானையில் கீரையைக் கட்டிக்கொண்டு வாசலிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு வருவார்கள்.

"நோடு, எஸ்தர் முகத்துல களை வந்துடுச்சு பாரு! டாக்டர் மாத்திரையும் நம்ம மரத்துக் கீரையும் ஒண்ணு சேந்தா ரத்தம் பொங்கிடும்."

"ரத்தம் பொங்குனாப் பரவால்லீங்க, இவளுக்குக் கோவம் பொங்காம இருந்தாச் செரி" என்பார்கள் அம்மா. மூவரும் சிரிப்பார்கள். நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் முருங்கைக்கீரை, ஒருநாள் அரைக்கீரை, ஒருநாள் பொன்னாங்கண்ணி. அக்கா தட்டில் தினமும் பச்சை.

இரண்டொரு தடவை ரத்தப் பரிசோதனைக்குப் போய்வந்தோம். அப்புறம் அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பாடுபட்டு ஊற வெக்கிற ரத்தத்தை எல்லாம் ஊசி வெச்சு உறிஞ்சிப்போடறாங்க. தசரா முடியட்டுங் கண்ணு, அப்பறம் போலாம்" என்றார்கள். நான் "சரிம்மா" என்றேன். இரண்டு தவணை தவறியது. என் மனசு குத்தியது. குத்தும்போதெல்லாம் ஜெபம் செய்தேன். உண்மையைச் சொல்வதற்குப் பதிலாக ஜெபம் செய்தேன் என்பதை இப்போதுதான் புரிந்துகொள்கிறேன்.

தசராவுக்கு ஊதுபத்தி நிறைய வேண்டும். சும்மா உட்கார முடியாமல் அக்கா மறுபடியும் பலகையை எடுத்து வைத்துவிட்டாள். விஜயதசமி அன்று காலை, எனக்கு ஆபீஸ் லீவு. அக்கா உருட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குச்சி பலகையிலிருந்து உருண்டு கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எடுக்கவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வேறு யாருடைய கையோ என்பது போல. பிறகு என்னைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைக் கூப்பிடப் பார்த்தாள். "ம்… ம்…" என்பதற்கு மேல் வரவில்லை.

டாக்டர் சொன்ன துணுக்கு ஓடிவிட்டது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்தது.

ஜட்கா பிடித்தோம். ஆனால் தசரா ஊர்வலத்துக்காக ரோட்டை எல்லாம் கயிறு கட்டி அடைத்திருந்தார்கள். விடியுமுன்பே ஜனங்கள் வந்து இடம் பிடித்துவிட்டார்கள். ஜட்காக்காரர் எழுந்து நின்று, "தாரி பிடி! தாரி பிடி! ஜீவ ஹோக்தா இதே!" என்று கன்னடத்தில் கத்தினார். வழி விடு, உயிர் போகிறது என்று. அக்காவின் தலை என் மடியில். உயிர் போகிறது என்று அவள் காதுபடவே ஒருவர் கத்துகிறாரே என்று என் கையால் அவள் காதைப் பொத்தினேன். ஒரு போலீஸ்காரர் கயிற்றைத் தூக்கிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் உடனே பார்த்தார். மாத்திரைச் சீட்டைப் படித்தார். என்னிடம் கேட்டார்: "மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தீர்களா?"

"ஆமாம் சார்."

"ரத்தப் பரிசோதனை?"

பக்கத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தார்கள். "எல்லாம் ஒழுங்குதான் சார்."

"சாப்பாட்டில் ஏதாவது மாற்றம்?"

"இல்லை சார்."

மூன்று கேள்வி. முதலாவதற்கு மட்டும்தான் உண்மை சொன்னேன்.

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இது இரண்டில் ஒன்று. ரத்தம் உறைந்து மூளையில் அடைத்திருக்கலாம். இல்லை, மாத்திரை அதிகமாகி ரத்தம் கசிந்திருக்கலாம். ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம். பரிசோதித்துச் சொல்ல லேபில் இன்று ஆள் இல்லை, அழைத்துவர சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை காத்திருக்க முடியாது. மாத்திரையும் பரிசோதனையும் ஒழுங்காக நடந்திருக்கிறது என்றால் உறைய வாய்ப்புக் குறைவு. கசிவு என்றுதான் நினைக்கிறேன். மாத்திரையை முறிக்கிற ஊசி போடப்போகிறேன்."

நர்ஸ் ஊசியைக் கொதிக்க வைக்கப் போனார்.

நான் வெளியே வந்தேன். வராந்தா மூலையில் அம்மா அதற்குள் முழங்காலில் நின்றிருந்தார்கள். சத்தமாகத்தான் ஜெபம் செய்தார்கள், எங்கள் ஊர் வழக்கப்படி. "ஏசப்பா, எம்பையன் ஒரு கொறையும் வெக்காமப் பாத்தானே. டாக்டரு சொன்னதத்தனையும் தட்டாமச் செஞ்சானே. அவம் படிச்ச படிப்புக்காவது எம்புள்ளைய விட்டுக்குடு சாமி."

அதைக் கேட்டபடி நான் நின்றேன். எனக்கும் ஜெபம் செய்யத் தெரியும். இந்தச் சபையில் நீளமாக ஜெபிக்கிற வாலிபர்களில் நானும் ஒருவன். அன்று ஒரு வரிதான் வந்தது: "கர்த்தாவே, அக்கா வாயைத் திற." சொல்லி முடிப்பதற்குள், "முதலில் உன் வாய்" என்று உள்ளே பட்டது. அது மனசாட்சியா, கர்த்தருடைய சத்தமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. கால் தானாக எழுந்து உள்ளே போனது.

"சார், நான் பொய் சொல்லிவிட்டேன்."

நர்ஸ் கையில் ஊசி தயாராக இருந்தது. டாக்டர் திரும்பினார்.

"பரிசோதனைக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தினமும் கீரை சாப்பிட்டாள். சாப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். வீட்டில் சொல்லவில்லை."

"தினமுமா?"

எனக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. எப்போது உள்ளே வந்தார்களோ தெரியாது. "தெனமுங்க சார். நாந்தானுங்க வேக வெச்சுக் குடுத்தேன்."

டாக்டர் நர்ஸின் கையைப் பிடித்து அந்த ஊசியை வாங்கி ஓரமாக வைத்தார். "ஏன்ப்பா, இதை முதலிலேயே சொல்ல மாட்டாயா?" என்றார். ரத்தம் மேலும் உறையாமல் இருக்க வேறு ஊசி போடச் சொன்னார். சாயங்காலம் லேப்காரர் கூட்டத்தைத் தாண்டி வந்து சேர்ந்தார். மாத்திரையே சாப்பிடாதவர்களுடைய ரத்தம் எப்படி உறையுமோ அப்படித்தான் அக்காவின் ரத்தமும் உறைந்தது. அடைப்புதான். முதலில் போட இருந்த ஊசி உடம்பில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரைக் கேட்டேன். அவர் அக்காவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

அதோடு துன்பம் தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. மூன்று நாள் அக்காவிடம் எந்த மாற்றமும் இல்லை. கஞ்சியை வாயில் விட்டால் ஒரு பக்கமாக வழிந்தது. அம்மா என்னோடு பேசவில்லை. சாப்பாடு எடுத்து வைப்பார்கள், முகம் பார்க்க மாட்டார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் நான் அவர்கள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீர்க்க வைக்கிற மாத்திரை, தாளம் தப்பின இருதயம், சித்தியை நினைத்துப் பயந்தது எல்லாம்.

"நீ பயந்துபோயிடுவியேன்னுதாம்மா சொல்லல."

அம்மா அக்காவின் கையைத் தடவிவிட்டார்கள். பிறகு சொன்னார்கள்: "பயந்தா என்னடா? பயந்துக்கிட்டே ஜெபம் பண்ணியிருப்பேன். பயந்துக்கிட்டே கீரைய நிறுத்தியிருப்பேன். எனக்குப் படிப்புத்தான் இல்ல சாமு. பயத்தத் தாங்குறதுக்குத் தெம்பு இல்லைன்னு யாரு சொன்னா?"

நான் அழுதேன். அம்மா என் தலையில் கை வைத்தார்கள். அன்று முதல்முறையாக மூவருமாக, உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபித்தோம்.

அதற்கு மறுநாள் அக்காவின் விரல் ஒன்று அசைந்தது. அந்த வாரக் கடைசியில், நான் தண்ணீர் கொடுக்கக் குனிந்தபோது, "சா" என்றாள். எனக்கு அது போதும். அவளுக்குப் போதவில்லை. கண்ணை இறுக மூடி, நெற்றி வியர்க்க, "சா…மு" என்று முடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடித்தாள்.

இப்போது நடக்கிறாள். பேச்சு நிதானமாக வருகிறது. சில வார்த்தைகளைத் தேடி எடுக்கிறாள். வலது கைப்பிடி இன்னும் முழுசாக வரவில்லை, ஊதுபத்தி உருட்ட முடியாது. மாத்திரை இன்னும் உண்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை பரிசோதனையும் உண்டு. மாத்திரை வேளையை இப்போது அம்மாதான் பார்த்துக்கொள்கிறார்கள். எழுதத் தெரியாது, ஆனால் சுவரில் கரிக்கோடு இழுத்துக் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு கோடு தப்பினதில்லை. சீட்டில் இங்கிலீஷில் உள்ளதை நான் முழுசாக, என்னிஷ்டத்துக்குச் சுருக்காமல், அவர்களுக்குத் தமிழில் சொல்கிறேன். பூரண சுகம் என்று நான் இனி சொல்ல மாட்டேன். கர்த்தர் அன்று கொடுத்தது உயிர், பேச்சு, அதோடு என் வாயில் கொஞ்சம் உண்மை. மூன்றும் நான் சம்பாதித்தது இல்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் வியாதி இருக்கும். கர்த்தரிடம் கேளுங்கள், தருவார், நான் சாட்சி. ஆனால் அவரிடம் கேட்டுவிட்டு டாக்டரிடம் மறைக்காதீர்கள். பெற்றவர்களிடமும் மறைக்காதீர்கள். அவர்கள் தாங்க மாட்டார்கள் என்று நாமாக முடிவு செய்வது விசுவாசம் இல்லை.

இதை அனுப்புவதற்கு முன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னாள்: "சாராள் அம்மா… பாவம். கீரை மேல… தப்பில்லைன்னு… எழுது." எழுதிவிட்டேன். சாராள் அம்மா, நீங்கள் அழ வேண்டாம். உங்கள் வீட்டுப் புடலங்காய் நன்றாகக் காய்த்திருக்கிறதாம். அக்கா கேட்கிறாள், கொண்டு வாருங்கள்.