கண்ணை மூடினாலும் அக்காவின் சீட்டு

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, கொட்டிப்போன முடிகூடத் திரும்பி வந்துவிட்டது. "இனிமே ஒரே ஒரு மாத்திரைதான். தினமும் போடணும், அஞ்சு வருஷம்" என்றார் டாக்டர். அவர் சொன்ன விதத்தில் அது ஏதோ கல்கண்டு மாதிரித் தோன்றியது. விழுங்க ஆரம்பித்த பிறகுதான் அது எனக்குள்ளே அடுப்பு மூட்டுகிற சமாசாரம் என்று தெரிந்தது.

ஒரகடத்தில் காருக்கு வயர் செட் செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தொப்பி, கையுறை, மேல்கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டு லைனில் நிற்கும்போது நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்தில் ஏறும், முகம் பழுத்த மிளகாய் ஆகும், அப்புறம் வேர்வை ஊற்றும். ஒரு ஷிஃப்டுக்கு ஏழெட்டு முறை. "இன்னா மேடம், கோவமா கீறீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டான். ஆமாம் என்றேன். கோபம்தான். நின்ற இடத்தில் வெந்துகொண்டிருப்பவள் சிரித்துக்கொண்டா இருப்பாள்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். ஒரு திங்கட்கிழமை மாத்திரையைப் போடாமல் விட்டேன். செவ்வாயும் விட்டேன். ஆனால் சூடு மட்டும் உடனே விட்டுப் போகவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. அந்த வாரமே செக்கப்புக்குப் போனபோது டாக்டரிடமும் சொல்லவில்லை. சூட்டைப் பற்றி மட்டும் மூச்சு விடாமல் புலம்பினேன். "மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. சூட்டைக் குறைக்க வழி இருக்கு" என்று சொல்லி, அதே ஆஸ்பத்திரியில் ஹிப்னாசிஸ் சொல்லிக்கொடுக்கும் கவுன்சிலரிடம் அனுப்பினார்.

என் வீட்டுக்காரருக்கு ஹிப்னாசிஸ் என்றால் பள்ளிக்கூட மேஜிக் ஷோதான். "உன்னைக் கோழி மாதிரி கூவ வுட்டுட்டா இன்னா பண்றது?" என்று கவலைப்பட்டார். நாங்கள் கோயிலுக்குத் தவறாமல் போகிற கத்தோலிக்கக் குடும்பம். இதெல்லாம் பாவமா என்று ஃபாதரிடமே கேட்டுவிட்டார். ஃபாதர் யோசிக்கவே இல்லை. "கண்ணை மூடி அமைதியா உட்காரணும், அவ்வளவுதானே? என் பிரசங்கத்துல பாதிப் பேர் அப்படித்தான் இருக்கீங்க" என்று சொல்லிவிட்டார்.

கவுன்சிலர் சின்னப் பெண். குரல் மட்டும் தாலாட்டுகிற குரல். "கண்ணை மூடிக்கோங்க அம்மா. மூச்சை மெதுவா விடுங்க. பனிமலை ஒண்ணு தெரியுது பாருங்க" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே பனி எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் கட்டிக்கொண்டிருந்த ஐஸ். அதைச் சுரண்டி எத்தனை மாதம் ஆயிற்று என்ற நினைப்பு வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரியை நினைக்கச் சொன்னார். ஏரி வந்தது, கூடவே மதகைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயமும் வந்தது. "சரிம்மா, உங்களுக்கு ரொம்ப சில்லுன்னு இருக்கற இடத்தை நீங்களே சொல்லுங்க" என்றார்.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் கம்பெனி பஸ்ஸில் மூன்றாவது வரிசை ஜன்னலோர சீட்டு. அதன் தலைக்கு மேலே ஏசி வருகிற ஓட்டைக்கு மூடி உடைந்து போய், காற்று அப்படியே கொட்டும். கவுன்சிலருக்கு இது புதிதாக இருந்திருக்கும். ஆனாலும் முகம் மாறாமல், "அந்த பஸ்ல ஏறுங்க அம்மா" என்றார்.

ஏறினேன். மூன்றாவது வரிசைக்குப் போனேன். உட்கார்ந்தேன். உச்சந்தலையில் காற்று இறங்கியது, கழுத்து குளிர்ந்தது, நான் கிட்டத்தட்டச் சொர்க்கத்தில் இருந்தேன். அப்போது யாரோ தோளைத் தட்டினார்கள். "எந்திரி. இது என் சீட்டு."

கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது புரியும். எந்த சீட்டிலும் யார் பெயரும் எழுதியிருக்காது. ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் ஆள் உண்டு. அந்த ஜன்னலோர சீட்டு பேக்கிங் செக்‌ஷன் அக்காவுடையது. சுங்குவார்சத்திரத்தில் ஏறுவார். நான் ஸ்ரீபெரும்புதூரில் ஏறும்போது சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு மகாராணியாக உட்கார்ந்திருப்பார். பதினாலு வருஷமாக அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஹிப்னாசிஸிலும் உட்கார முடியாது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வேறு இடம் மாற்றிக்கொள்ளலாம் என்றார் கவுன்சிலர். நான் ஏன் மாற வேண்டும்? மண்டை என்னுடையது. வீட்டில் தினமும் இரண்டு வேளை கண்ணை மூடி முயற்சி செய்தேன். மனசுக்குள்ளேயே சுங்குவார்சத்திரத்துக்கு முந்தின ஸ்டாப்பில் போய் ஏறினேன். அக்கா உட்கார்ந்திருந்தார். பஸ் நிறுத்துகிற ஷெட்டுக்கே போய், டிரைவர் வருவதற்கு முன்னால் ஏறிப் பார்த்தேன். இருட்டில் சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், நிஜமான அக்காவிடமே கேட்பது என்று முடிவு செய்தேன். காலை ஷிஃப்டுக்குப் போகும்போது அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, உங்க சீட்டு வேணும்."

"பின்னாடி காலியா கீது பாரு."

"நெஜ சீட்டு இல்லக்கா. கண்ணை மூடிகினு நெனைக்கிறதுக்கு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பஸ்ஸே தூங்கிக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். நோய், சூடு, கவுன்சிலர், ஷெட் வரைக்கும்.

"அப்போ உன் மண்டைக்குள்ள நான் வந்து உன்னை எழுப்பி வுடுறேனா?"

"தெனமும்க்கா."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் பெருமை தெரிந்தது. "நான் அப்படித்தான். யாரா இருந்தாலும் வுட மாட்டேன்" என்றார். பிறகு, "இந்த சூடு எதனால வருது?" என்று கேட்டார்.

"மாத்திரையால."

"அது எதுக்கு?"

"நோவு திரும்பி வராம இருக்க."

"போடுறியா?"

இப்படி நேராக யாரும் என்னைக் கேட்டதில்லை. வீட்டில் கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அம்மாளிடம் பொய் சொல்லி என்ன பயன், சாயங்காலம் என் மண்டைக்குள்ளேயே வந்து உட்காரப்போகிறவர். "பதினோரு நாளா போடலக்கா" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சாப்பாட்டுப் பையின் பிடியைக் கொஞ்ச நேரம் திருகிக்கொண்டே இருந்தார். "நீ போய்ச் சேந்துட்டேன்னா நான் யாரை எழுப்பி வுடுறது?" என்றார். "டாக்டராண்ட உண்மையைச் சொல்லு. மாத்திரை போட்ட அன்னிக்கு சீட்டு உன்னுது. போடாத அன்னிக்கு நான் வருவேன்."

எனக்கு அழுகை வந்தது. அதே நேரம் பார்த்து சூடும் வந்தது. முகத்தில் வழிந்ததில் எது கண்ணீர், எது வேர்வை என்று எனக்கே தெரியவில்லை. பதினோரு நாளும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். சாக எனக்குக் கொஞ்சமும் விருப்பமில்லை. வேர்க்கவும் விருப்பமில்லை, அவ்வளவுதான்.

டாக்டரிடம் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் தண்ணீர் டம்ளரோடு வந்து நின்றார். மறுபடியும் மாத்திரை, கண்ணை மூடி இரண்டு வேளை பஸ். மனசுக்குள் அந்த சீட்டு காலியாக இருந்தது. உட்கார்ந்தேன், காற்று கொட்டியது, யாரும் தோளைத் தட்டவில்லை. சில வாரங்களில் ஷிஃப்டுக்கு ஏழெட்டு என்பது இரண்டு மூன்றாகக் குறைந்தது. முழுசாகப் போகவில்லை. வரும்போது லைனிலேயே நின்றபடி மூச்சை இழுத்து, மனசால் பஸ் ஏறிவிடுகிறேன்.

போன மாதம் ஒருநாள் வீட்டில் விருந்தாளிகள் கலாட்டாவில் மாத்திரை மறந்துவிட்டது. சாயங்காலம் கண்ணை மூடி பஸ்ஸில் ஏறினால், சீட்டில் அக்கா. பையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் திறந்து, எழுந்து போய், ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.